நீயே கண்டுபிடிச்சிட்டு வா

பதினாறு வருடமாக அறிவியல் பாடம் நடத்துகிறேன். காலையில் திருக்கோகர்ணத்தில் டவுன் பஸ் ஏறினால், முக்கால் மணி நேரத்தில் தஞ்சாவூர் சாலையிலிருந்து உள்ளே தள்ளியிருக்கும் எங்கள் அரசு உயர்நிலைப் பள்ளிக்குப் போய்விடலாம். பஸ்ஸில் நான் அறிவியலைப் பற்றி யோசித்ததே கிடையாது. உட்கார இடம் கிடைக்குமா என்பதைத் தவிர வேறு எதையுமே யோசித்ததில்லை என்றுகூடச் சொல்லலாம்.

வகுப்பில் பதில் தெரியாத கேள்வி ஒன்று வந்தால் என்ன செய்வது என்பதை எங்கள் ஆசிரியர் அறையில் யாரும் பேசிக்கொண்டதில்லை. ஆனால் ஆளுக்கொரு வழி வைத்திருந்தோம். கணக்கு சார், "அது சிலபஸ்ல இல்ல, உக்காரு" என்பார். சிலபஸில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று அவர் உண்மையாகவே நம்பினார், அதனால் அவரைக் குறை சொல்ல முடியாது. சமூக அறிவியல் டீச்சர் கேட்டவனின் நகத்தையோ தலைமுடியையோ பிடித்துக்கொள்வார். "மொதல்ல நகத்த வெட்டிட்டு வா, அப்பறம் கேள்வி கேக்கலாம்." அவன் நகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவான்.

என் வழி இவற்றையெல்லாம்விட நாகரிகமானது என்று எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. "அருமையான கேள்வி! நீயே கண்டுபிடிச்சிட்டு வந்து நாளைக்குச் சொல்லு பாக்கலாம்" என்பேன். வகுப்பைக் கைதட்டவும் சொல்வேன். கேட்ட பிள்ளைக்கு முகமெல்லாம் பல்லாகிவிடும். மறுநாள் நான் கேட்க மாட்டேன். அவர்களும் நினைவுபடுத்த மாட்டார்கள், நினைவுபடுத்தினால் அது ஒரு வீட்டுப்பாடமாகிவிடும் என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஒரு பயிற்சி முகாமில் இதை எழுந்து நின்று சொல்லி, மாணவர்களைச் சிந்திக்க வைக்கும் முறை என்று பாராட்டு வேறு வாங்கியிருக்கிறேன். அதன்பிறகு எனக்குப் பெருமை பிடிபடவில்லை.

போன வருடம் எட்டாம் வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். அவள் அம்மா முந்திரிக்கொட்டை உடைக்கிறவர். பள்ளியைச் சுற்றி முந்திரிக்காடுதான். கொட்டையை வறுத்து, உடைத்து, பருப்பைப் பொட்டலம் போட்டு மெயின் ரோட்டில் விற்பார்கள். அன்றைக்குத் திங்கட்கிழமை, அமிலங்கள் பாடம். அமிலம் தோலில் பட்டால் அரித்துவிடும் என்று சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் எழுந்தாள்.

"டீச்சர், முந்திரிக்கொட்டை ஓட்டுல இருக்க எண்ணெ பட்டா கையி புண்ணாயிருது. அதுக்குள்ளயே இருக்க பருப்ப மட்டும் அது ஏன் ஒண்ணும் பண்ண மாட்டேங்குது?"

எனக்குத் தெரியவில்லை. இத்தனை வருடமாகப் பாயசத்தில் போட்டுத் தின்றிருக்கிறேன், ஒரு நாளும் அப்படித் தோன்றியதில்லை. "அருமையான கேள்வி!" என்றேன். வகுப்பு கைதட்டியது. மணி அடித்தது. சாயங்காலம் பஸ்ஸில் கைபேசியில் தேடிப் பார்த்திருக்கலாம். நான் பார்த்தது சேலை வீடியோ.

செவ்வாய்க்கிழமையும் அந்த வகுப்புக்குப் போனேன், காரங்கள் நடத்தினேன். அவள் இரண்டாவது பெஞ்சில்தான் இருந்தாள். இடது கையை மேசைக்கு அடியில் வைத்திருந்ததைப் பார்த்த மாதிரியும் இருக்கிறது, பார்க்காத மாதிரியும் இருக்கிறது.

புதன்கிழமை பிரேயர் முடிந்ததும் அவள் அம்மா அவளைக் கூட்டிக்கொண்டு வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன். சண்டை என்றால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். அவர் மகளின் இடது கையைத் திருப்பிக் காட்டினார். முன்கையின் உள்பக்கம் பேனாவால் போட்ட இரண்டு வட்டங்கள், பக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண்கள். முதல் வட்டத்தில் கொப்புளம் உடைந்து சதை தெரிந்தது. இரண்டாவது சிவந்து தடித்திருந்தது. மேலே மஞ்சள் நிறத்தில் மருந்து.

அவள் நோட்டை நீட்டினாள். கடைசிப் பக்கத்தில் அதே இரண்டு வட்டங்கள். முதலாவதில் எண்ணெயை நேராகத் தடவியிருக்கிறாள். இரண்டாவதில் பருப்பின் மேல் ஒட்டியிருக்கும் மெல்லிய தோலைக் கையில் வைத்து, அதற்கு மேலே தடவியிருக்கிறாள். அந்தத் தோல்தான் பருப்பைக் காப்பாற்றுகிறதோ என்று சந்தேகம். எத்தனை மணிக்குத் தடவினாள், எப்போது எரிந்தது என்றெல்லாம் குறிப்பு. பதினாறு வருடத்தில் என் மாணவர் யாரும் இப்படி ஒரு பரிசோதனை செய்ததில்லை. நானும் செய்ததில்லை.

"நீங்க கண்டுபிடிச்சிட்டு வரச் சொன்னீங்களாம் டீச்சர்" என்றார் அம்மா. "படிப்பு விசயம், நான் ஒண்ணும் சொல்லல. எங்கையி இப்புடிப் போச்சேன்னுதான் இவள அங்கிட்டு விடுறதே இல்ல. இனிமே இந்த மாதிரி கேள்வியெல்லாம் கேக்காதன்னு நீங்களே சொல்லிருங்க. நீங்க சொன்னா கேப்பா."

அவர் விரல்கள் கறுத்து, நுனியில் தோல் உரிந்திருந்தன. அந்தப் பெண் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் தலையாட்டினால் போதும், எல்லாம் சுமுகமாக முடிந்துவிடும். அவளும் இனி கேட்க மாட்டாள், எந்த வகுப்பிலும். எனக்குப் பயமாக இருந்தது.

"கேள்வியில தப்பு இல்லம்மா. எனக்குப் பதில் தெரியல. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு அவ தலையில தள்ளி விட்டுட்டேன்."

எனக்குத் தெரியாது என்பதில் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. "வெளி ஓட்டுக்கு உள்ளாற இன்னொரு கெட்டி ஓடு இருக்குல்ல டீச்சர்? எண்ணெ ரெண்டுக்கும் நடுவுலல்ல நிக்கிது. ஒடைக்கிற எங்களுக்கெல்லாம் தெரியுமே." பிறகு மகளிடம் திரும்பினார். "ஏண்டி, எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டா என்ன?"

"டீச்சர் நானே கண்டுபிடிக்கணும்னு சொன்னாங்கம்மா" என்றாள்.

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் நோட்டை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"நேத்தே கேப்பீங்கன்னு பிரிச்சே வெச்சிருந்தேன் டீச்சர்."

"மறந்துட்டேன்டா" என்றேன். கேட்பதாகவே இல்லை என்பதை அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.