தறிக்குழி வெளிச்சம்

1971 டிசம்பர் 6, திங்கட்கிழமை, மாலை ஆறே முக்கால் மணி. காலையில் பிடித்த தூறல் நான்கு மணிக்கே விட்டிருந்தது; மேகம் மேற்கே ஒதுங்கிக் கிடந்தது. முனிசிபாலிட்டிச் சங்கு ஊதியது. எங்கள் தெருவின் நாற்பத்திரண்டு வீடுகளிலும் விளக்கு அணைந்தது.

இப்போது அதே தெருவில் எட்டு நிமிஷம் மின்சாரம் போனால் பதினோரு பேர் செல்போன் வெளிச்சத்தோடு வெளியே வந்து யாரையாவது திட்டுகிறார்கள். எண்ணிப் பார்த்துத்தான் சொல்கிறேன். இருட்டில் சும்மா இருக்க யாருக்கும் தெரியவில்லை.

அப்போது எனக்குப் பதினான்கு வயது. ஒன்பதாம் வகுப்பு. போர் தொடங்கியதும் பள்ளியில் பாடம் பாதியாகக் குறைந்தது. காலையில் மைதானத்தில் பதுங்கு குழி வெட்டினோம்; மழைத் தண்ணீர் தேங்கி அதில் தவளைகள் குடியேறின. பிற்பகலில் பஸ் ஸ்டாண்டுக்குப் போய் லாரி, பஸ் விளக்குகளின் மேல்பாதிக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தோம். நான் மட்டும் முப்பத்தொரு விளக்கு. மெட்ராசில் இருட்டடிப்பு என்று கேள்விப்பட்டதும் எங்கள் டிரில் மாஸ்டர், காஞ்சிபுரம் மட்டும் என்ன இளப்பமா என்று கிளம்பிவிட்டார். குண்டு போட வருகிறவன் இத்தனை தூரம் பறந்து வந்து எங்கள் தெருவைத் தேட என்ன முகாந்திரம் என்று யாரும் கேட்கவில்லை.

தெருவுக்கு ஒரு பையன். ஒரு விசில், கையில் சிவப்புத் துணிப்பட்டை. ஒரு சங்குக்கும் மறு சங்குக்கும் நடுவே ஒரு மணி நேரம். அதற்குள் வெளிச்சம் தெரிந்த வீட்டுக்கு இருபத்தைந்து காசு அபராதம். மறுநாள் காலை அதைப் பள்ளியின் பாதுகாப்பு நிதி உண்டியலில் போடுவது அந்தத் தெருப் பையனின் பொறுப்பு. நிதியைக் கொடுக்க மெட்ராசுக்குப் போகும்போது பையன்களையும் கூட்டிப்போய்க் கடலும் கப்பலும் காட்டுவதாக மாஸ்டர் சொல்லியிருந்தார். பஸ்ஸுக்கும் சாப்பாட்டுக்கும் ஆளுக்கு இரண்டு ரூபாய். என்னிடம் மூன்று ரூபாய் சேர்ந்திருந்தது. நான் கடல் பார்த்ததில்லை.

அந்த ஒரு மணி நேரத்தை என்னவென்று சொல்வது. முதலில் தறிகள் நிற்கும். விடிந்ததிலிருந்து காதிலேயே கிடக்கிற சத்தம் நின்றதும் தெருவே ஒரு சாண் மேலே மிதக்கிற மாதிரி இருக்கும். பிறகு கோபுரம் காணாமல் போகும். நட்சத்திரங்கள் இல்லாத ஒரு பெரிய துண்டு வானம்தான் அது நிற்கிற இடம். சாயப் பட்டறையின் ஈர வாசனை, யாரோ இருமுவது, தூரத்தில் ஒரு குழந்தையின் சிணுங்கல். ஆண்கள் தெருமுனைக் கடை வாசலில் ரேடியோவைச் சுற்றி உட்கார்ந்திருப்பார்கள். பெண்கள் கோயில் படியில். முகம் தெரியாததால் எல்லோரும் மெதுவாகவே பேசினார்கள். நான் சுவர்களைத் தொட்டு வாசல்களை எண்ணியபடி நடப்பேன். தூக்கத்தில் நடப்பது போலத்தான் இருந்தது.

அன்று இருபத்தேழாவது வாசலில் கை நின்றது. எங்கள் வீடு. ஜன்னல் இடுக்கில் மாம்பழ நிறத்தில் ஒரு மினுக்கம். உள்ளே போனேன். தறியில் பூட்டியிருந்த பட்டுப் பாவு முழுவதும் கீழிருந்து ஒளிர்ந்தது. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக எரிவது போல, ஆனால் சூடில்லாமல். விசில் ஊதுவதை மறந்து எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியவில்லை. நான் எண்ணாமல் விட்ட நேரம் அது ஒன்றுதான்.

"யாரு உள்ள? வெளக்க அணை!" என்றேன், மாஸ்டர் குரலில்.

"கத்தாதடா. நான்தான்."

அக்கா. நெய்கிறவர் கால் தொங்கவிடும் தறிக்குழிக்குள், மிதிகட்டைகளுக்கு நடுவே குறுகி உட்கார்ந்திருந்தாள். மடியில் கணக்குப் புத்தகம், கையில் அப்பாவின் டார்ச் லைட்.

"வெளிய தெரியுதுக்கா. பாம் போட்டுருவான்."

"போடட்டும். இந்தத் தேற்றம் எழுதனவன் தலைமேல போடச் சொல்லு."

"இருபத்தஞ்சு காசு எடு."

"எங்கிட்ட ஏதுடா காசு? நீ கட்டு. அப்பால தரேன்."

"நைனாகிட்ட சொல்லட்டா?"

"சொல்லேன். தையில என்ன வாலாஜாபாத்துக்கு ஓட்டிவுட்டுருவாரு. அப்புறம் நீ ராட்டினத்துல ஒக்காந்து தார் சுத்திக்கினு இரு."

விஷயம் இதுதான். அக்கா பதினோராம் வகுப்பு; அப்போது அதுதான் பள்ளியின் கடைசி வகுப்பு. எங்கள் தெருவில் அந்த வகுப்பு வரை போன முதல் பெண். டிசம்பர் இருபதாம் தேதி பள்ளியில் தேர்வு. அதில் தேறினால்தான் பெரிய பரீட்சைக்கு அனுப்புவார்கள். வாலாஜாபாத்தில் ரைஸ் மில்லில் வேலை செய்யும் ஒருவர் வீட்டிலிருந்து பெண் கேட்டு வந்திருந்தார்கள். தேறினால் படி, தவறினால் தை மாதம் கல்யாணம் என்று அப்பா சொல்லிவிட்டார். நியாயமான பேச்சு என்று எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். ஆனால் அக்காவுக்குப் படிக்க நேரம் கிடையாது. காலையில் தண்ணீரும் அடுப்பும். மாலையில் பள்ளிவிட்டு வந்தால் ராட்டினம். இரண்டு தறிகளுக்கு, குறுக்கே ஓடும் ஊடை நூலைத் தார் என்கிற சின்னக் குழலில் சுற்றிக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். தறி நிற்காமல் அவளுக்கு ஓய்வு இல்லை. தறியோ போர் வந்த பிறகுதான் நின்றது.

எனக்குக் கோபம்தான். ஆனால் தார் சுற்றுவது அதைவிடப் பயமாக இருந்தது. அதனால் ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். அவள் படிப்பாள்; வெளிச்சம் வெளிச்சம்தான் என்பதால் நான் என் காசிலிருந்து அபராதம் கட்டுவேன். மாஸ்டர் என்னைத் தட்டிக்கொடுத்து, "தன் வீட்டையே புடிச்சுக் குடுக்கறான் பாருங்கடா" என்றார். அதே வேகத்தில், "ஒங்க வீட்டுல யாருக்கும் காது கேக்காதாடா? தெனம் வெளிச்சமா?" என்றும் கேட்டார்.

நாளுக்கு நாள் டார்ச் மங்கியது. அக்கா பேட்டரிக் கட்டைகளைப் பகலில் ஓட்டின்மேல் வெயிலில் காயவைத்து உயிர் கொடுத்தாள். ஒரு நாள் வெயிலே இல்லை. அன்று மட்டும் இருட்டுக்குள்ளிருந்து வாய்ப்பாடு போலத் தேற்றம் ஒப்பிக்கும் குரல் மட்டும் கேட்டது. சத்தத்துக்கு அபராதம் இல்லாததால் நான் கடந்து போனேன்.

பதினாறாம் தேதி மாலை தெருமுனையில் கூச்சல். ஒருவர் தோளில் ஒருவர் ஏறிக் குதித்தார்கள். நான் வீட்டுக்கு ஓடினேன். அக்கா புத்தகத்தையும் டார்ச்சையும் பாவாடை மடிப்பில் ஒளித்துக்கொண்டு ராட்டினத்தின் அருகே தயாராக நின்றிருந்தாள்.

"அக்கா, சண்ட முடிஞ்சிடுச்சு! நாமதான் கெலிச்சோம்!"

"அப்ப இன்னிக்குச் சங்கு ஊதாதா?"

"இன்னிக்கு இல்லக்கா, இனிமே ஊதவே ஊதாது!"

அவள் ராட்டினத்தின் முன் உட்கார்ந்தாள். "இன்னும் நாலு நாளு நடக்கக் கூடாதா?" என்றாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. எத்தனை சிப்பாய்கள் செத்துக்கொண்டிருந்தார்கள்! "நீ எந்தக் கட்சிக்கா?" என்று கேட்டேன். அவள் ஒரு காலித் தாரை எடுத்து ராட்டினத்தில் மாட்டினாள். ஊரில் எல்லா விளக்கும் ஒன்றாக எரிந்தது. அப்பா ரேடியோக் கடையிலிருந்து சந்தோஷமாக வந்து குழியில் கால் வைத்து, "தார் எங்கமா?" என்றார். தறி ஓடத் தொடங்கியது. தேசத் துரோகியிடம் ஒரு வாரம் நான் பேசவில்லை.

கணக்கில் தேற முப்பத்தைந்து வேண்டும். அக்கா முப்பத்தொன்று. அப்பா திட்டவில்லை, பேச்சுப்படி நடந்தார்.

மெட்ராசுக்கு நான் போகவில்லை. ஒன்பது நாள் அபராதம் இரண்டு ரூபாய் இருபத்தைந்து காசு போக என்னிடம் மீந்தது எழுபத்தைந்து காசு. போய்வந்த பையன்கள் கப்பலைப் பற்றிப் பொங்கல் வரை பேசினார்கள்.

தை மாதம், வாலாஜாபாத் பஸ் புறப்படும் முன், கூறைப்புடவையில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த அக்காவிடம் போய் நின்றேன். அம்மா அழுதுகொண்டிருந்தாள்.

"அக்கா, ரெண்டு ரூபா இருபத்தஞ்சு காசு" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். முந்தானை முடிச்சை அவிழ்த்துச் சில்லறையை என் கையில் கொட்டினாள். "எண்ணிப் பாத்துக்கோ. கொறையுதுன்னு அங்க வந்து நிக்காத" என்றாள்.

பஸ் போனபின் எண்ணினேன். மூன்று ரூபாய் இருந்தது. அக்கா கணக்கில் எப்போதுமே மட்டம்தான் என்று நினைத்துக்கொண்டேன். ஆக, அந்தப் போரில் எனக்கு ஆன செலவு ஒன்றுமில்லை. எழுபத்தைந்து காசு லாபம்.