நகல் என்று நான் சொன்ன குறுவாள்

பட்டாளம் தங்கியிருந்த தண்டுப் பகுதியில் என்னைக் 'கத்தி ரைட்டர்' என்றுதான் சொல்வார்கள். பகலில் பட்டாளத்து ஸ்டோரில் குமாஸ்தா. பூட்ஸ், கம்பளி, கூடாரத் துணி என்று வந்ததையும் போனதையும் எழுதுவது வேலை. மற்ற நேரமெல்லாம் பழைய படைக் குறுவாள்கள்தான். வெள்ளைக்கார அதிகாரிகள்கூடச் சந்தையில் வாங்கியதைத் துணியில் சுற்றிக்கொண்டு என் வீடு தேடி வருவார்கள். நான் வாயைத் திறக்கும்வரை நாற்காலி நுனியிலேயே உட்கார்ந்திருப்பார்கள். அதனால் எனக்கு ஏறியிருந்த தலைக்கனத்தை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது.

குறுவாளைச் சோதிப்பது பெரிய வித்தை ஒன்றுமில்லை. அலகில் எலுமிச்சம்பழத்தைத் தேய்த்துத் துடைத்தால் பழைய உருக்கில் நீரோட்டம் போல வரிகள் எழும்பும். புது இரும்பு வெறுமனே கறுக்கும். பிடியை லேசாகச் சூட்டில் காட்டினால் உள்ளே அலகை ஒட்டியிருக்கும் புது அரக்கு மணக்கும், பழையது மணக்காது. பழைய துரு கறுத்து இரும்போடு ஒட்டிக் கிடக்கும். உப்பும் புளியும் பூசி வரவழைத்த துரு செக்கச்செவேலென்று கட்டைவிரலில் வந்துவிடும். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் உலகத்தில் எதையும் எடை போட்டுவிடலாம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

என் ஒரே தங்கையை, பாலமும் பாதையும் போடும் பட்டாளத்தில் இருந்த ஒருவருக்குக் கட்டிக்கொடுத்திருந்தோம். நல்ல மனுஷன். என்னிடம் மட்டும் கொஞ்சம் பயம். பெரிய சண்டை வந்து அவர்களைக் கடல் தாண்டி பஸ்ராவுக்கு அனுப்பியபோது, என்னிடம் இருந்ததிலேயே உசத்தியான குறுவாளை அவருக்குக் கொடுத்தேன். சுல்தான் காலத்தது, எலும்புப் பிடி போட்டது. கொடுத்துவிட்டுச் சும்மா இருக்க என்னால் முடியுமா?

"மாப்ள, ஈரம் படக் கூடாது. வாரத்துக்கு ஒரு தரம் எண்ணெ போடணும். எவன் கேட்டாலும் கையில குடுத்துடாதீங்க. இது மாதிரி இன்னொண்ணு கெடைக்காது."

அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு, "சரி மச்சான்" என்றார்.

ஒன்றரை வருஷம் கழித்துக் கடிதம் வந்தது. ஆற்றைக் கடக்கும்போது காணாமல் போனார், உடல் கிடைக்கவில்லை, இறந்ததாகவே கருத வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். கூடவே ஒரு சின்னப் பொட்டலம். அதில் நம்பர் சீட்டு கட்டிய குறுவாள் ஒன்று இருந்தது. கரைச் சேற்றில் கிடந்ததாம். கூட இருந்தவர்கள் பார்த்து, அவருடையதுதான் என்று சொன்னார்களாம்.

தங்கை சுவரில் சாய்ந்து அழுதுகொண்டிருந்தாள். நான் குறுவாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். நீளம், பிடி, எல்லாம் நான் கொடுத்தது போலவே இருந்தது. ஆனால் எலுமிச்சம்பழம் தேய்த்தபோது வரி எழும்பவில்லை. சூடு காட்டியதும் அரக்கு மணத்தது. துரு சிவப்பாக என் விரலில் ஒட்டியது.

"இது அவரோடது இல்ல, நகல்" என்றேன். "சீட்டு மாறிப்போச்சு. ஸ்டோர்ல நான் தெனம் பாக்கறேனே, ஒருத்தன் பூட்ஸ் இன்னொருத்தனுக்குப் போவுது."

"பாத்தவங்க அவரோடதுன்னு சொல்லியிருக்காங்களேண்ணா?"

"கத்தியப் பத்தி அவனுங்களுக்கு என்ன தெரியும்? செத்தது வேற யாரோ."

ஆறுதலுக்காகச் சொன்ன பேச்சு இல்லை. எனக்கு நிச்சயமாகத் தெரிந்ததால் சொன்னேன். அழுகிற தங்கையின் முன்னால் உட்கார்ந்துகொண்டு, சரியாகக் கண்டுபிடித்துவிட்டோம் என்று உள்ளுக்குள் சந்தோஷப்பட்டேன். அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். துக்கப் பூசைக்கு நாள் குறிக்கப் பாதிரியார் வந்தபோது, "உயிரோட இருக்கறவருக்கு எதுக்கு சாமி?" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஆறு வருஷம் அப்படியே போயிற்று. சண்டை முடிந்தது, பட்டாளம் திரும்பி வந்தது, அவர் வரவில்லை. கைதியாகப் பிடித்து வைத்திருப்பார்கள் என்றேன். அடிபட்டு நினைவு தப்பியிருக்கும் என்றேன். நான் சொன்னதையெல்லாம் அவள் நம்பினாள். கல்லறைத் திருநாளில் தெருவே மெழுகுவத்தியோடு போகும்போது அவள் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு சமையல் செய்வாள்.

பேட்டையில் ஒரு சாயபு கத்திப் பட்டறை வைத்திருந்தார். பழைய குறுவாள்களுக்கு அச்சு அசலாக நகல் செய்வதில் பேர் வாங்கியவர். ஏமாற்றுக்காரன் என்று நான் அந்தத் தெருப்பக்கமே போனதில்லை. அவர் செய்த ஒன்றை யாரோ பழையது என்று சொல்லி ஒரு அதிகாரியின் தலையில் கட்டிவிட்டார்கள். சண்டை போடத்தான் போனேன். நான் யார் என்று சொன்னதும் சாயபு பட்டென்று எழுந்து உள்ளே போய், எண்ணெய்த் துணியில் சுற்றிய பொட்டலம் ஒன்றைக் கொண்டுவந்தார்.

"உங்க தங்கச்சி வீட்டுக்காரர் பஸ்ராவுக்குப் போறதுக்கு முந்தி குடுத்துட்டுப் போனது சாஹேப். அங்க தொலைஞ்சா எங்க மச்சான் மனசு ஒடிஞ்சிடும், இது இங்கயே இருக்கட்டும், எனக்கு இதே மாதிரி நகல் ஒண்ணு போட்டுக் குடுங்கன்னார். மச்சானுக்குத் தெரியக் கூடாது, நானே வந்து வாங்கிக்கறேன்னு கையடிச்சு வாக்கு வாங்கினார். இன்னும் வரல. நல்லா இருக்காரா?"

துணியைப் பிரித்தேன். எலுமிச்சம்பழம் தேவைப்படவில்லை. வெயிலில் பிடித்தாலே வரிகள் ஓடின. பட்டறைப் படியிலேயே உட்கார்ந்து, போகிற வருகிறவர்கள் பார்க்க வாய்விட்டு அழுதேன். அன்று கடிதத்தோடு வந்த நகல் அவருடையதேதான். என் விரலில் ஒட்டிய சிவப்பு, அவரை விழுங்கிய ஆற்றுத் தண்ணீரால் பிடித்த துரு.

மூன்று நாள் சொல்லாமல் திரிந்தேன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்ததும் தங்கையை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவள் அழவில்லை. என்னையும் திட்டவில்லை.

"ஆறு வருஷமாண்ணா! அவரு ஆத்துமாவுக்கு ஒரு பூசை வெக்கலியே. ஒரு மெழுகுவத்தி ஏத்தலியே" என்றாள். பிறகு, "கடுதாசியோட வந்த அந்தக் கத்தி எங்கண்ணா? அவருக்குக் கல்லறைகூட இல்ல. அதையாவது கோயில் மண்ணுல பொதைக்கறேன்" என்று கேட்டாள்.

அதை நான் என்ன செய்தேன் என்று இதுவரை எழுதவில்லை. எழுதக் கை வரவில்லை. நகல் என்று உறுதியானால் ஒடித்துப் போடுவது என் வழக்கம். இன்னொரு ஏமாளி கைக்கு அது போகக் கூடாது என்று பெரிய கொள்கை. கடிதம் வந்த வாரமே அதையும் ஒடித்துப் பழைய இரும்புக்காரன் கூடையில் போட்டுவிட்டேன். தலையைத் தூக்காமல் அவளிடம் அதைச் சொல்லிவிட்டு, அசலை அவள் மடியில் வைத்தேன்.

அவள் அதை எடுத்து, துணியைச் சரியாகச் சுற்றி, என் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"வேணாண்ணா. நீங்களே பத்தரமா வெச்சுக்கோங்க. இது உங்ககிட்ட வந்து சேரணும்னுதானே அவரு விட்டுட்டுப் போனாரு."

குத்திக்காட்டவில்லை. மனசாரத்தான் சொன்னாள்.