விளக்கு வைத்த பிறகு சாப்பாடு

ரோசலின் மிஸி இறந்துபோன செய்தியை ரொட்டி பாய்தான் கொண்டுவந்தார். கரங்கானில் எங்கள் வீட்டுக்கு வெளியே தினமும் காலையில் ஹாரனை அலறவிட்டு எல்லோரையும் எழுப்புகிற மனிதர், அன்று சத்தமில்லாமல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு வாசல்வரை நடந்து வந்தார். "சார், நம்ம மிஸி போயிட்டாங்க சார். மெர்போக்ல, தம்பி வீட்டுல. நேத்து சாயங்காலம்," என்றார். நான் ரொட்டி வாங்கவில்லை. அவரும் கொடுக்க நினைக்கவில்லை.

அடக்கத்துக்கு வந்திருந்த உங்களில் பலருக்கு, நான் நடுவில் எழுந்து வெளியே போனது நினைவிருக்கும். "வாத்தியாருக்கு ஒடம்பு சரியில்ல போல" என்று யாரோ சொன்னதாகக் கேள்விப்பட்டேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. எரிச்சல்தான். மிஸி நர்ஸாக வேலை பார்த்த முதியோர் இல்லத்து நிர்வாகக் குழுவின் தலைவர் பேச எழுந்தார். "சகோதரி ரோசலின் பொறுமையின் வடிவம். ஒரு நாளும் அவர் குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை," என்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மிஸி தம் வாழ்நாளில் அதிகமாகக் குரலை உயர்த்தியதே இந்த மனிதரிடம்தான்! அதோடு விட்டாரா? மிஸியின் நினைவாக, இல்லத்துச் சாப்பாட்டுக் கூடத்தில் ஒரு சுவர்க் கடிகாரம் மாட்டப்போவதாகவும் அறிவித்தார். கடிகாரம்! அதுவும் மிஸிக்கு! அதற்கு மேல் என்னால் உட்கார முடியவில்லை. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எழுபதுகளின் கடைசியில் என் அப்பாவை லூனாஸில் இருந்த அந்த இல்லத்தில் சேர்த்தோம். நினைவு தப்பிய முதியவர்களைப் பார்த்துக்கொள்ள, சபைக்காரர்கள் சிலரும் ஊர்க் கடைக்காரர்கள் சிலரும் சேர்ந்து நடத்திய இல்லம். அப்பா தோட்டத்து ஸ்டோரில், ரப்பர் ஷீட்டுகளுக்குப் புகை போடும் கூடத்தில் நெருப்பைக் கவனித்துக்கொண்டவர். நெருப்பு மிஞ்சினாலும் ஷீட்டு போச்சு, அவிந்தாலும் போச்சு. அப்படிப்பட்டவர் வயதான பிறகு அடுப்பைப் பற்றவைத்துவிட்டுத் தெருவில் இறங்கி நடக்க ஆரம்பித்தார். மலாய்க்காரர்கள் ஞாஞோக் என்பார்கள், நம்மவர்கள் புத்தி தடுமாறிப்போச்சு என்பார்கள். நானும் மனைவியும் வேலைக்குப் போகிறவர்கள். எங்களுக்கு வேறு வழி தெரியவில்லை.

ஒருநாள் பள்ளி விளையாட்டுப் போட்டி முடிந்து, பார்வை நேரம் தாண்டி, பொழுது சாயும் வேளையில் அப்பாவைப் பார்க்கப் போனேன். ஜன்னலில் இன்னும் வெளிச்சம் இருந்தது. ஆனால் அத்தனை பேரும் படுக்கையில் இருந்தார்கள். அப்பாவின் இரண்டு மணிக்கட்டுகளையும் துண்டால் கட்டில் கம்பியோடு கட்டியிருந்தார்கள். "தம்பி, வெளக்கு வைக்கிற நேரத்துல படுக்கப் போட்டுட்டானுங்கடா. எந்திரிக்க விடமாட்டேங்கிறானுங்க," என்றார் அப்பா. நான் கத்தினேன். கூடம் அதிரக் கத்தினேன். அப்போது குட்டையாக, கண்ணாடி போட்ட ஒரு அம்மாள் வெள்ளைச் சீருடையில் விறுவிறுவென்று வந்தார். வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்ததாம். "ஏன் சார் கத்துறீங்க? அவுக்கறதுக்குக் கை வேணும், வாய் வேணாம். அந்தப் பக்கத்து முடிச்சப் புடிங்க!" என்று என்னைவிட உரக்கக் கத்தினார். ஆளுக்கொரு முடிச்சாக அவிழ்த்தோம். இதுதான் ரோசலின் மிஸியோடு எனக்கு ஏற்பட்ட அறிமுகம். பொறுமையின் வடிவமாம்!

எதற்காகக் கட்டுகிறார்கள் என்று மிஸி சில நாட்களில் புரிந்துகொண்டார். இல்லத்தில் சாயங்காலச் சாப்பாடு நாலு மணிக்கு. ஏனென்றால் சமையல்கார லெட்சுமி அக்காவும் பணிப்பெண்களும் ஐந்து மணி பஸ்ஸில் வீடு திரும்ப வேண்டும். அதற்குள் எல்லோருக்கும் ஊட்டி, துணி மாற்றி, படுக்கப் போட்டாக வேண்டும். அந்தப் பெண்களைக் குறை சொல்ல மாட்டேன். அந்த பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. ஆனால் படுத்தவர்கள் பொழுது சாய்ந்ததும் எழுந்துவிடுவார்கள். ஒரு அம்மாள் கோழியை அடைக்கப் போவார். இன்னொருவர் தீப்பெட்டி தேடுவார். என் அப்பா நெருப்புப் பார்க்கக் கிளம்புவார். விளக்கு வைக்கிற நேரத்தில் படுத்தால் மூதேவி குடியேறுவாள் என்று பிறந்ததிலிருந்து கேட்டு வளர்ந்த உடம்புகள் அவை. இருக்கிற ஒரே ஒரு காவல் பணியாளுக்கு இதெல்லாம் கலாட்டா. எழுந்தால் மாத்திரை, மாத்திரைக்கும் அடங்காவிட்டால் துண்டு.

"வியாதி மூளையிலதான் சார். பொழுது சாயறது ஒடம்புக்குத் தெரியுதில்ல?" என்பார் மிஸி. "எங்க வீட்டுல அந்த நேரத்துக்கு ஜெபமாலை சொல்ல ஒக்கார வைப்பாங்க. எவனாச்சும் சாஞ்சா முதுகுல ஒண்ணு விழும். நம்ம எல்லாரும் அப்படி வளந்தவங்கதானே? இதுக்குப் போயி மாத்திரையா?" சாப்பாட்டை விளக்கு வைத்த பிறகு போட வேண்டும், அதுவரை யாரையும் படுக்க வைக்கக் கூடாது. அவர் கேட்டது இவ்வளவுதான். அதற்கு மாலையில் கூடுதலாக ஒரு ஆள் வேண்டும்.

குடும்பத்தார் சார்பில் என்னையும் குழுவில் உட்கார வைத்திருந்ததால் அந்தக் கூட்டங்களை நான் நேரில் பார்த்தேன். தலைவரைக் கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கெட்டவராக இருந்திருந்தால் எரிச்சல் கொஞ்சம் குறைந்திருக்கும். காற்றாடி வாங்கிக் கொடுப்பார். டிவி வாங்கிக் கொடுப்பார். ஒவ்வொன்றிலும் கொடுத்தவர் பெயர் பெயிண்டில் இருக்கும். ஊர்ப் பெரியவர்கள் தங்கள் பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு மத்தியானம் கேக்கோடு வருவார்கள். முதியவர்கள் தலையில் காகிதத் தொப்பி வைத்துப் படம் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். என் அப்பாவும் அந்தத் தொப்பியோடு ஒரு படத்தில் இருக்கிறார். மிஸி கூட்டத்தில் எழுந்து, "கேக்கு வேணாங்க. பொழுது சாஞ்சா ஒரு ஆளு குடுங்க," என்றார்.

"மிஸி, இது ஹோட்டல் இல்லலா," என்றார் தலைவர்.

"ஹோட்டலா இருந்தா நாலு மணிக்குச் சோறு போட்டு, அஞ்சு மணிக்குப் படுடான்னு சொல்ல முடியுமா? ஒரு பய உள்ள வரமாட்டான்!"

குழுவில் இன்னொருவர், விளக்கு, மூதேவி எல்லாம் மூடநம்பிக்கை, இதற்காக நிர்வாகத்தை மாற்ற முடியாது என்றார். மிஸிக்கு முகம் சிவந்துவிட்டது. "மூதேவிய நான் நம்பச் சொல்லலையே. கையக் கட்டாதீங்கன்னுதானே சொல்றேன்?" என்றார். அடுத்த கூட்டத்தில் பேசலாம் என்று முடித்தார்கள். அடுத்த கூட்டத்தில் கூரை ஒழுகுவது பற்றிப் பேசினார்கள். அதற்கடுத்த கூட்டத்தில் புதுக் கூரைத் திறப்பு விழாவுக்கு யாரை அழைப்பது என்று பேசினார்கள். செவிடன் காதில் ஊதிய சங்குதான். மிஸி ஊதுவதை நிறுத்தவில்லை. எனக்கு அலுத்துப்போய், "விடுங்க மிஸி, இவங்க மாறமாட்டாங்க," என்று சொன்னால், "ஒங்கப்பா கைய யாரு கட்டுனாலும் விட்டுர்வீங்களா?" என்று என்மேல் பாய்வார்.

கடைசியில், எண்பத்தொன்று முடியும் தறுவாயில், குழு மனமிரங்கி அரை மணி நேரம் கொடுத்தது. சாப்பாடு இனி நாலரைக்கு. பணிப்பெண்கள் அடுத்த பஸ்ஸுக்கு ஒப்புக்கொண்டிருந்தார்கள். அரை மணி நேரம் என்ன பெரிய வெற்றி என்று நான் முகம் சுளித்தேன். மிஸியோ லெட்சுமி அக்காவிடம் சொல்லி எல்லோருக்கும் பாயசம் செய்யவைத்தார். "இன்னைக்கு அரை மணி. அடுத்த வருஷம் இன்னொரு அரை மணி. புடுங்காம விடமாட்டேன் சார்," என்றார்.

அந்த அடுத்த வருஷம் எப்படிப் பிறந்தது என்று உங்களுக்கெல்லாம் தெரியும். புத்தாண்டு அன்று அரசாங்கம் நாட்டின் கடிகாரத்தையே அரை மணி நேரம் முன்னால் தள்ளி வைத்தது. நாம் எல்லோரும் முள்ளைத் திருப்பிவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டோம். அன்று சாயங்காலம் நாலரைக்குச் சாப்பாட்டு மணி அடித்தது. லெட்சுமி அக்கா சமையற்கட்டிலிருந்து எட்டிப் பார்த்து, "மிஸி, என்னா இது? பழைய நாலு மணிச் சாப்பாட்டுக்கு நின்ன எடத்துலயே வெயிலு நிக்குது!" என்றார். மிஸி வெளியே வந்து வெயிலைப் பார்த்தார். கடிகாரத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. மூன்று வருஷம் மன்றாடி வாங்கிய அரை மணி நேரம் ஒரே ராத்திரியில் போய்விட்டது. "அடப் பாவிகளா!" என்று அவர் போட்ட சத்தத்தில் ஒரு பெரியவர் கையிலிருந்த தட்டைக் கீழே போட்டுவிட்டார்.

நேரே தலைவர் கடைக்குப் போனார். நானும் கூடப் போனேன். "எனக்குக் குடுத்த அரை மணியத் திருப்பிக் குடுங்க," என்றார். தலைவர் விழித்தார். புரிந்ததும் சிரித்தார். அந்தச் சிரிப்பை நான் இன்னும் மன்னிக்கவில்லை. "கவர்மெண்டு எடுத்ததுக்கு நான் என்னா மிஸி செய்யறது? கோலாலம்பூர்ல போயி கேளுங்கலா," என்றார். குழு கொடுத்தது நாலரை, இப்போதும் நாலரை, இதில் என்ன குறை என்பது அவர் கட்சி. முதியவர்கள் சூரியனைப் பார்த்து வாழ்கிறவர்கள், உங்கள் முள்ளைப் பார்த்து அல்ல என்று மிஸி எத்தனையோ விதமாகச் சொன்னார். ஏறவில்லை.

மிஸி சாப்பாட்டுக் கூடத்துக் கடிகாரத்தைத் திருப்ப மறுத்தார். ஊருக்கு ஒரு நேரம், இல்லத்துக்கு ஒரு நேரம். தலைவர் வந்து ஸ்டூல் போட்டு ஏறி முள்ளைத் திருப்பிவிட்டுப் போவார். மிஸி அதே ஸ்டூலில் ஏறிப் பழையபடி வைப்பார். நடுவில் பணிப்பெண்கள் பஸ்ஸை விட்டுவிட்டு மிஸியைத் திட்டித் தீர்த்தார்கள். கொஞ்ச நாளில் மிஸிக்கே வெறுத்துவிட்டது. கடிகாரத்தைக் கழற்றி, துணியில் சுற்றி, தலைவர் கடையின் மேசைமேல் வைத்துவிட்டு வந்தார். "இனிமே எங்களுக்கு இது வேணாம்," என்று மட்டும் சொன்னாராம். இப்போது புரிகிறதா, நான் ஏன் எழுந்து போனேன் என்று?

அதன் பிறகு மிஸி குழுவிடம் எதுவும் கேட்கவில்லை. நாலரைக்கு மணி அடிக்கும். தேநீரும் ரொட்டி பாய் கொடுத்த ரொட்டியும் வரும். யாராவது கேட்டால், "மணி அடிச்சோம், தின்னாங்க. அதான் சாப்பாடு," என்பார். லெட்சுமி அக்கா சமைத்து மூடி வைத்துவிட்டு பஸ் ஏறுவார். மிஸி தம் வேலை நேரம் முடிந்தும் போகமாட்டார். குடும்பத்தாரை முறை வைத்து அழைத்தார். அழைத்தார் என்றா சொன்னேன்? மிரட்டினார். "ஒங்க அப்பாவுக்கு நீங்க வராம ஏசு சாமியா வருவாரு?" நான் என் முறைக்குக் கரங்கானிலிருந்து மோட்டார் சைக்கிளில் போவேன். உறவினர் என்று யாரும் அங்கே இல்லாத ரொட்டி பாயும் தம் வியாபாரம் முடிந்து வந்து பரிமாறுவார்.

பொழுது சாய்ந்ததும் கூடத்தின் மூலையில் ஒரு விளக்கு ஏற்றப்படும். ஏற்றுகிறவர் என் அப்பா. மிஸி அவர் முழங்கையைப் பிடித்துக்கொள்வார். முதல் நாள் நான் பக்கத்திலேயே ஒட்டி நின்றுகொண்டேன். அப்பா தீக்குச்சியைக் கிழித்து, உள்ளங்கையால் மறைத்து, திரியில் வைத்து, சற்றுநேரம் பார்த்துக்கொண்டு நின்றார். "ம், புடிச்சிக்கிச்சு. இனிமே சாப்பிடலாம்," என்றார். என் பெயரை மறந்துவிட்ட மனிதர். அன்று நான் சமையற்கட்டுப் பக்கம் போய் அழுதேன். எல்லோரும் சாப்பிட்டு, சற்றே உட்கார்ந்திருந்து, தாமாகவே படுக்கப் போனார்கள். துண்டுகள் துவைத்து மடித்து அலமாரியில் கிடந்தன. அப்பா அடுத்த வருஷம் அங்கேயே இறந்தார். குளிப்பாட்டும்போது அவர் மணிக்கட்டுகளைப் பார்த்தேன். ஒரு தழும்புகூட இல்லை.

இதை நிறுத்த எவ்வளவு நேரம் ஆகும்? சில வருஷங்கள் கழித்து, மிஸிக்கு வயதாகிவிட்டது என்று பொன்னாடை போர்த்தி அனுப்பினார்கள். விளக்கு ஆபத்து என்று எடுத்துவிட்டார்கள். அத்தனை காலமும் அதனால் ஒரு நூல்கூடக் கருகவில்லை. குடும்பங்கள் ஒவ்வொன்றாக வராமல் நின்றுவிட்டன. நாலரைச் சாப்பாடு மறுபடி நாலரைச் சாப்பாடே ஆனது. மெர்போக்கில் மிஸியைக் கடைசியாகப் பார்க்கப் போனபோது அவர் எழுந்து உட்கார முடியாமல் இருந்தார். நலம் விசாரிக்கக்கூட விடவில்லை. "அங்க இப்ப எத்தன மணிக்குச் சார் சாப்பாடு?" என்றார். சொன்னேன். "அப்ப நீங்கல்லாம் என்னத்தப் பண்ணிக்கிட்டு இருக்கீங்க?" என்றார். அவர் என்னிடம் பேசிய கடைசிப் பேச்சு அதுதான்.

மிஸியிடமிருந்து நான் என்ன வைத்துக்கொண்டேன் என்று கேட்டால், அவருடைய பொறுமையின்மையைத்தான். தலைவர் பொறுமையைப் புகழட்டும், கடிகாரத்தை மாட்டட்டும். அடக்கம் முடிந்த மறுநாள், பொழுது சாயும் வேளையில் நான் இல்லத்துக்குப் போனேன். ரொட்டி பாய் தீப்பெட்டியோடு வாசலில் நின்றிருந்தார். நான் வரச் சொல்லவில்லை. உள்ளே எல்லோரும் படுக்கையில் இருந்தார்கள். ஜன்னலோரக் கட்டிலில் நான் அறியாத ஒரு பெரியவர், கை கட்டப்பட்டு, "வெளக்கு வச்சாச்சா? வெளக்கு வச்சாச்சா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். காவலுக்கு இருந்த இளம்பெண் ஓடி வந்தாள். "சார், அவுக்காதீங்க சார், தலைவர் ஏசுவாரு," என்றாள்.

"ஏசட்டும்," என்றேன். "நீ அந்தப் பக்கத்து முடிச்சப் புடிம்மா."