மூன்றாம் தளத்து மூடி

ஆரல்வாய்மொழியில் ஒரு தனியார் பள்ளியில் ஆங்கிலம் கற்பிக்கும் ஜெபகனிக்கும் அவருடைய தம்பி ஷாஜனுக்கும் பதினான்கு வயது வித்தியாசம். ஷாஜன் பிறந்தது 1997-இல். அம்மா இறந்தது 2001-இல். அப்பா ரசலையன் விடியும் முன்பே செங்கல் சூளைக்குப் போய்விடுவார் என்பதால், தம்பியைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கு அனுப்பியதும், ஞாயிறு ஆராதனைக்குக் கூட்டிச் சென்றதும் அக்காதான். திருமணப் பேச்சு இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் பையன் இன்னும் சிறியவன் என்று சொல்லி அவர் தள்ளிப்போட்டார். மூன்றாவது முறை எவரும் வரவில்லை.

சனிக்கிழமைகளில் கோட்டாறில், வெளிநாட்டு வேலைக்குத் தேர்வெழுதும் செவிலியருக்கு வகுப்பெடுப்பார். அங்கே அவர் மிகவும் பொறுமையாக நடத்தும் பாடம், நேரில் காணாத கடந்தகாலத்தை ஊகித்துச் சொல்லும் முறை. சான்று முழுமையாக இருந்தால் 'மஸ்ட் ஹாவ்': நடந்திருக்க வேண்டும். பாதி இருந்தால் 'மைட் ஹாவ்': நடந்திருக்கலாம். சான்று எதிராக நின்றால் 'கான்ட் ஹாவ்': நடந்திருக்க முடியாது. இவற்றில் முதலாவதே மிக உறுதியானது என்று மாணவிகள் எழுதிக்கொள்ளும்போது, அவர் ஒன்றைச் சேர்ப்பார்: கண்ணால் பார்த்தவருக்கு இந்த மூன்றில் எதுவும் தேவைப்படாது.

இதே கண்டிப்பைத் தம்பியிடமும் வைத்திருந்தார். பாலிடெக்னிக் முடித்துக் காற்றாலைப் பராமரிப்பு வேலைக்குச் சேர்ந்தவன், அன்றாடப் பதிவேட்டை ஆங்கிலத்தில் எழுத வேண்டியிருந்தது. தொடக்கத்தில் எழுதியதை அக்காவிடம் காட்டுவான். ஒருமுறை, ஒரு போல்ட் உடைந்துவிடும் என்று எழுதியிருந்தான். உடையும் என்று உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டு, 'வில்' என்பதை அடித்துவிட்டு 'மே', அதாவது உடையக்கூடும், என்று திருத்தினார். தெரிந்ததற்கு மேல் ஒரு சொல்லும் எழுதக் கூடாது என்றார்.

"காத்தாடி மேலயும் வந்து கிராமர் பாப்பியாக்கா?" என்று சிரித்தான். ஆனால் அதற்குப் பிறகு அப்படியேதான் எழுதினான்.

2023 ஜூலை 11, செவ்வாய்க்கிழமை, முற்பகல் பத்து ஐம்பதுக்கு, பதினான்காம் எண் காற்றாலைக் கோபுரத்துக்குள் ஷாஜன் விழுந்து இறந்தான். வயது இருபத்தாறு.

ஆகஸ்டு 28-இல் நிறுவனத்தின் விசாரணை அறிக்கை வீட்டுக்கு வந்தது. ஆங்கிலத்தில் நான்கு பக்கம். பாதுகாப்புப் பெல்ட்டின் இரண்டு கொக்கிகளும் கோபுரத்தின் உள் ஏணியில் இல்லாமல், பெல்ட்டின் நெஞ்சு வளையத்திலேயே மாட்டியிருந்தன; ஏணி ஏறிவரும் திறப்பை அடைக்கும் மூன்றாம் தளத்து மூடி உடைந்து தொங்கியது. ஆகவே ஷாஜன் மூன்றாம் தளத்திலிருந்து கொக்கி மாட்டாமல் மேலே ஏறியிருக்க வேண்டும்; தவறி விழுந்த வேகத்தில் மூடி உடைந்திருக்க வேண்டும்; கவனக்குறைவே காரணம். இரண்டு இடத்திலும் 'மஸ்ட் ஹாவ்'.

"என்னவாக்கும் எழுதியிருக்கு, மக்களே?" என்று ரசலையன் கேட்டார்.

இன்னும் வாசித்து முடிக்கவில்லை என்றார் ஜெபகனி. பத்து நிமிடத்தில் வாசித்த தாள்களைப் பற்றி ஒன்பது நாள் அதையே சொன்னார். பெல்ட் போடாமல் ஏறினானாம் என்று டீக்கடையில் எவரோ சொன்னதிலிருந்து ரசலையன் அந்தப் பக்கம் போவதை நிறுத்தியிருந்தார். மகன் தன் அலட்சியத்தால் போனானா என்பது மட்டுமே அவருக்குத் தெரிய வேண்டியிருந்தது.

பத்தாம் நாள் ஜெபகனி ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு தாணுவைத் தேடிப் போனார். அன்று ஷாஜனுடன் வேலைக்குப் போய்க் கோபுரத்தின் அடியில் நின்றவன் தாணு. பார்த்தது, கேட்டது, நினைத்தது என்று நோட்டில் மூன்று தலைப்புப் போட்டு, அவர் ஒவ்வொன்றாகக் கேட்டார். கொக்கிகளை எப்போது நெஞ்சில் மாட்டுவீர்கள்?

"ஏறும்போ ஒரு கொக்கியாவது ஏணியில கெடக்கும் அக்கா. தளத்துக்குப் போயி, மூடிய அடைச்சு, அதுமேல நின்னுதான் ரெண்டையும் நெஞ்சில மாட்டுவோம். கொஞ்சம் மூச்சு விட்டுட்டுப் பெறகு ஏறுவோம்."

அப்படியானால் அவன் மேலே ஏறியிருக்க வேண்டும் என்பதில்லை. மூடியின் மேல் நின்றுகொண்டும் இருந்திருக்கலாம் என்றார் ஜெபகனி.

"இருந்திருக்கலாம். நான் பாக்கல்ல. சத்தம்தான் கேட்டேன்." தாணு வாசல் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினான். "அந்த மூடி ஆடும் அக்கா. அவன் எழுதி வச்சாம்லா."

பதிவேட்டின் பக்கங்களை அன்றன்று படமெடுத்து அலுவலகத்துக்கு அனுப்புவது வழக்கம். தாணுவின் போனில் ஜூன் 19-ஆம் தேதிப் பக்கம் இருந்தது. ஷாஜனின் சாய்ந்த எழுத்து: மூன்றாம் தளம். மூடியின் கீல் தளர்ந்துள்ளது. மூடி விழக்கூடும். 'மே ஃபால்' என்று, பிழையில்லாமல் எழுதியிருந்தான். விபத்துக்கு இருபத்திரண்டு நாள் முன்பு.

இதை எவரும் வாசிக்கவில்லையா என்று கேட்டார்.

"சூப்பர்வைசர் வாசிச்சாரு. 'மே'ன்னுதான போட்டிருக்கான், காத்து சீசன் முடியட்டும், பாப்போம்னாரு."

ஜெபகனியின் பேனா 'கேட்டது' என்ற தலைப்புக்கடியில் நின்றுவிட்டது. படம் தன்னிடமிருந்து வந்ததாகச் சொல்ல வேண்டாம் என்று தாணு கேட்டுக்கொண்டது அவர் காதில் பாதிதான் விழுந்தது. இந்தப் பக்கம் அலுவலகத்திலேயே இருக்கிறது, உன் பெயர் வராது என்று சொல்லிவிட்டு எழுந்தார்.

திரும்பும் பேருந்தில், ஜன்னலுக்கு வெளியே காற்றாலைகள் வரிசையாகச் சுற்றிக்கொண்டிருக்க, அவர் அந்த ஒரு வாக்கியத்தைப் பலமுறை அமைத்துப் பார்த்தார். விழுந்துவிடும் என்று எழுதியிருந்தால் கீலை மாற்றியிருப்பார்கள். மாற்றாமலும் இருந்திருக்கலாம். சான்று பாதிதான் இருந்தது. வகுப்பில் எந்த மாணவியும் இப்படி ஒரு வாக்கியத்தைக் கொண்டுவந்ததில்லை.

செப்டம்பர் 11-இல் நிறுவனத்துக்குக் கடிதம் அனுப்பினார். தம்பி குற்றமற்றவன் என்று அவர் எழுதவில்லை. அது அவருக்குத் தெரியாது. கொக்கி மாட்டும் முறை, பதிவேட்டுப் பக்கத்தின் தேதி, கீலின் நிலை, இவற்றை வரிசையாகக் குறித்து, 'மஸ்ட் ஹாவ்' என்று எழுதுவதற்கு இந்தச் சான்று போதாது என்று மட்டும் முடித்தார். நினைவூட்டுக் கடிதம் இரண்டு போன பிறகு, அக்டோபர் 20-இல் திருத்திய பக்கம் வந்தது. கவனக்குறைவு என்ற சொல் அதில் இல்லை. கொக்கி மாட்டாமல் ஏறியிருக்கலாம், மூடியே விழுந்திருக்கலாம், தீர்மானிக்க இயலவில்லை.

அன்று மாலை அப்பாவின் எதிரே உட்கார்ந்து, முதல் அறிக்கையையும் தன் கடிதத்தையும் திருத்திய பக்கத்தையும் தமிழில் வரிக்கு வரி வாசித்துச் சொன்னார்.

"அவன் தப்பு இல்லேன்னு இருக்கா?"

"அப்பிடி இல்லப்பா. தப்புன்னும் இல்ல. யாரும் பாக்கல்ல."

 மூடி ஆடுகிறதென்று அவன் முன்பே எழுதிக் கொடுத்தது உண்மைதானா என்று ரசலையன் கேட்டார். உண்மைதான் என்றார் ஜெபகனி.

"கொஞ்சம் ஒறப்பா எழுதியிருக்கலாம், பாவம்."

"எழுதியிருப்பான்ப்பா. நான்தான் விடல்ல."

ரசலையன் மகளைப் பார்த்தார். என்ன என்று கேட்கவில்லை. மகள் கையிலிருந்த திருத்திய தாளை வாங்கி, வாசிக்கத் தெரியாத அந்தப் பக்கத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, மூன்று மாதத்துக்குப் பிறகு முதல்முறையாக டீக்கடைக்குப் புறப்பட்டார். ஜெபகனி அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார்.