மகளை உட்கார வைத்தவள்

சிவகாசிப் பக்கம் விஸ்வநத்தத்தில் குருவம்மாள் குடியிருந்த தெருவில் ஒரு காலத்தில் அவளுக்குக் கெட்ட பெயர் இருந்தது. விடிந்து அடுப்புப் பற்ற வைக்கிற நேரத்தில் அவள் வீட்டிலிருந்து பிள்ளையின் அலறல் கிளம்பும். மூச்சடங்கி, மறுபடி பீறிட்டு, தெருமுனைக் குழாயடி வரைக்கும் கேட்கும். தண்ணீர் பிடிக்க வந்த பெண்கள் குடத்தை இறக்கி வைத்துவிட்டு ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். “கால் வெளங்காத புள்ளையப் போட்டு இந்த அடி அடிக்கிறாளே, இவளெல்லாம் ஒரு தாயா?” என்று ஒருத்தி வாசலில் வந்து நின்றே கேட்டாள்.

குருவம்மாள் அடிக்கவில்லை. மகளின் கால்கள் இரண்டையும் விரித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய்ப் பதில் சொன்னால், பிடித்திருந்த கால்கள் கத்தரிக்கோல் மாதிரி மறுபடி பின்னிக்கொள்ளும். அதனால் பிடியை விடவில்லை.

மகள் வேல்விழி 2003-இல் பிறந்தாள். ஒரு பகல் முழுக்க வலியில் கிடந்த பிறகுதான் பிரசவம் ஆயிற்று. பிறந்த பிள்ளை அழவில்லை. நர்சுகள் தட்டி, சளியை உறிஞ்சி, நீலம் பாரித்த உடம்பைத் தேய்த்தெடுத்த பிறகு பூனைக்குட்டி போல ஒரு சத்தம் வந்தது. வெளியே நின்ற அவள் கணவன் முனியசாமி அந்தச் சத்தத்தைக் கேட்டதும் சுவரில் முகத்தை வைத்து அழுதான். சிவகாசி அச்சகங்களுக்கு லோடு ஏற்றி இறக்குகிற ஆள் அவன். கனத்த பேப்பர்க் கட்டுகளை முதுகில் வாங்கி நடப்பவன். அவன் அழுததாகக் குருவம்மாள் கேள்விப்பட்டது அதுவே முதல் தடவை.

ஒரு வயதாகியும் பிள்ளைக்குக் கழுத்து நிற்கவில்லை. இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டார்கள். நாட்டு மருந்து, எண்ணெய், தாயத்து எல்லாம் பார்த்தாயிற்று. கடைசியில் தடுப்பூசி போட வந்த நர்ஸ்தான், விருதுநகரில் இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுக்கிற இடம் ஒன்று இருக்கிறது என்று வழி சொன்னாள்.

அங்கே ஜெனிட்டா இருந்தாள். பிசியோதெரபி படித்தவள், சின்ன வயது. வருகிற தாய்மார்களுக்கெல்லாம் அவள் ‘டீச்சர்’. பாயில் கிடத்திய வேல்விழியின் கால்களை மெல்ல மடக்கியும் நீட்டியும் பார்த்தவள், குருவம்மாளையும் பக்கத்தில் உட்கார வைத்தாள்.

“பெறக்கும்போது மூச்சு முட்டுனதுல மூளையில அடிபட்டுருச்சுக்கா. அது ஆறாது, மாத்திரையிலயும் சரியாகாது. மூளை தப்பா உத்தரவு போடுறதால கால் இப்படி இறுகுது. தெனமும் நீட்டிவிட்டா இறுக்கம் கூடாமப் பாத்துக்கலாம். விட்டுட்டா அப்படியே முடிச்சு விழுந்துரும்.”

“நடந்துருவாளா டீச்சர்?”

ஜெனிட்டா பிள்ளையின் காலை மெல்லக் கீழே வைத்தாள். “இப்பச் சொல்ல முடியாதுக்கா. மொதல்ல உக்கார வைக்கப் பாப்போம். உக்காந்துட்டா கை ரெண்டும் சும்மாயிருக்கும்ல? தானாச் சோறள்ளித் திங்கலாம்.”

குருவம்மாள் எல்லாவற்றையும் கற்றுக்கொண்டாள். வெந்நீரில் துணி நனைத்துத் தொடையில் ஒற்றடம் கொடுப்பது, பழைய சேலையைத் திண்டாகச் சுருட்டி அதன்மேல் குப்புறப் போட்டுத் தலையைத் தூக்க வைப்பது, குதிகாலைப் பிடித்துப் பாதத்தை மேலே மடக்குவது. வெடுக்கென்று இழுக்கக் கூடாது. பேசிக்கொண்டே, சதை விட்டுக்கொடுக்கிற வரைக்கும் பொறுமையாகப் பிடிக்க வேண்டும். அவளும் பேசத்தான் செய்தாள். காக்கா வந்துச்சாம், வடையத் தூக்குச்சாம் என்று என்னவெல்லாமோ சொன்னாள். ஆனால் பிள்ளை, ஒற்றடத் துணியைக் கண்ட உடனேயே உதட்டைப் பிதுக்க ஆரம்பித்துவிடும்.

முனியசாமிக்கு அது தாங்காது. பாதியில் வந்து பிள்ளையைப் பறித்துத் தோளில் போட்டுக்கொள்வான்.

“விடு புள்ள. நடக்காட்டிப் போறா. ஊரு லோடெல்லாம் செமக்கேன், எம் மகளைச் செமக்க மாட்டேனா?”

“நீங்க எம்புட்டு நாளைக்குச் செமப்பீக? நமக்குப் பெறகு யாரு செமப்பா?”

அவன் பிள்ளையோடு வெளியே போய்விடுவான். அவன் தோளுக்குப் போனதும் அழுகை நின்றுவிடும், சிரிப்புக்கூட வரும். வேல்விழிக்குப் பேச்சு மெல்லத்தான் வந்தது. அப்பாவைக் கண்டால் ‘ப்பா’ என்பாள். அம்மா பக்கத்தில் வந்தால் ‘ஆணாம்’ என்பாள். வேண்டாம் என்று அர்த்தம். அந்தச் சொல்லைக் கேட்டுக்கொண்டேதான் குருவம்மாள் காலைப் பிடிப்பாள். பிடித்து முடித்துவிட்டுப் பட்டாசுக் கம்பெனிக்குப் போவாள். அங்கே திரி வெட்டுகிற வேலை. பக்கத்தில் இருக்கிற பெண்கள் தங்கள் பிள்ளைகள் கழுத்தைக் கட்டிக்கொண்டு விடமாட்டேன் என்று அழுததைச் சொல்லிச் சிரிக்கும்போது அவள் தலை நிமிராமல் திரியை வெட்டிக்கொண்டிருப்பாள்.

மூன்று வயது தாண்டிய ஒரு காலையில், சுவரோரம் சாய்த்து வைத்திருந்த வேல்விழி சுவரை விட்டு முன்னால் வந்து, இரண்டு கைகளையும் தரையில் ஊன்றி உட்கார்ந்திருந்தாள். முற்றத்தில் மேய்ந்த கோழியைப் பார்க்க வேண்டியிருந்திருக்கிறது. உடம்பு ஆடியது, ஆனால் விழவில்லை. குருவம்மாள் சத்தம் போடாமல் கணவனை ஜாடையில் கூப்பிட்டாள். அவன் வாயில் பல்பொடியோடு ஓடிவந்து நின்றான். கோழி வேலியைத் தாண்டிப் போகிற வரைக்கும் இரண்டு பேரும் அசையவில்லை. அன்றைக்கே அவன் மூங்கில் வாங்கிவந்து, மகள் பிடித்து நிற்பதற்கென்று இரண்டு கம்புகளை முற்றத்தில் கட்டினான்.

அடுத்த வருசத் தீபாவளி சீசனில், ஆர்டர் நெருக்கிய நேரம், கம்பெனியில் பக்கத்து அறையில் வெடிமருந்து உரசித் தீப்பிடித்தது. அந்த அறையில் இருந்த இரண்டு பெண்கள் வெளியே வரவேயில்லை. குருவம்மாள் ஓடித் தப்பினாள். ஓடும்போதே சேலை பற்றிக்கொண்டது. இரண்டு கைகளாலும் அடித்து அணைத்தாள். உடம்பு பிழைத்தது, கைகள் வெந்துபோயின.

மதுரை ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தாள். பார்க்க வரும்போதெல்லாம் முனியசாமியிடம் ஒன்றைத்தான் கேட்பாள்: “காலு நீட்டி விடுறீகளா?” அவன் தலையை ஆட்டுவான். அவள் நம்பினாள்.

கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்த அன்று பார்த்தாள். பாயில் கிடந்த மகளின் கால்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறிப் பின்னிக் கிடந்தன. முழங்கால் நீளவில்லை. முனியசாமி தூக்கி உட்கார வைத்தபோது பலகை மாதிரிப் பின்னால் சாய்ந்தாள்.

“ஒன்னத் தேடித் தேடி அழுதா புள்ள. அழுத புள்ளைய இன்னும் அழ வைக்க எனக்கு மனசு வரல,” என்றான் முனியசாமி. குருவம்மாள் மகளைப் பிடிக்கக் கை நீட்டினாள். விரல்கள் உள்ளங்கையோடு சுருண்டு, தோல் இழுத்துப் பிடித்துக் கிடந்தன. ஒரு காலைக்கூட அவளால் பிடிக்க முடியவில்லை.

மூன்று பேரும் விருதுநகருக்குப் போனார்கள். ஜெனிட்டா பிள்ளையை நெடுநேரம் பார்த்தாள். எக்ஸ்ரே படம் எடுத்து வரச் சொன்னாள். இடுப்பு மூட்டு ஒன்று விலகியிருந்தது. “இனிமே நடக்குறது கஷ்டம்க்கா,” என்றாள் தணிந்த குரலில். “உக்காருறத மீட்டுருவோம். அதுக்கு முந்தி ஒங்க கையக் குடுங்க. இதையும் இப்ப விட்டா விரியாது.”

அவள் எண்ணெய் தடவி முதல் விரலை நிமிர்த்தினாள். குருவம்மாள் அலறிவிட்டாள். கையைப் பிடுங்கி நெஞ்சோடு வைத்துக்கொண்டு, “ஆத்தாடி, வேணாம் டீச்சர்!” என்று கத்தியவள் சட்டென்று நிறுத்தினாள். இத்தனை வருசமாகத் தன் பிள்ளை எதைச் சொல்லிக்கொண்டிருந்தது என்பது அப்போது அவளுக்கு உடம்பில் தெரிந்தது. பாயில் கிடந்த வேல்விழி தலையைத் திருப்பி, முகமெல்லாம் கோணி, அம்மாவை விடு என்பதுபோல ஜெனிட்டாவைப் பார்த்து அழுதாள். “அம்மா ஆணாம்... அம்மா ஆணாம்...”

முனியசாமி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு மகள் பக்கத்தில் முழங்காலிட்டான். “எனக்குச் சொல்லிக் குடுங்க டீச்சர்,” என்றான். அவன் கன்னமெல்லாம் நனைந்துபோயிருந்தது. கைகள் மட்டும் அவள் சொன்னபடி, அவசரமில்லாமல், பிள்ளையின் குதிகாலைப் பிடித்தன.

அதன்பிறகு அந்த வீட்டில் காலை நேரத்தில் இரண்டு அழுகை கேட்டது. தெருவில் யாரும் வாசலில் வந்து நிற்கவில்லை. முதலில் மகளின் கால், அடுத்து மனைவியின் விரல்கள், அதற்குப் பிறகுதான் அவன் லோடுக்குப் போவான். குருவம்மாளின் இடது கை ஓரளவு விரிந்தது. வலது கையில் சுண்டு விரலும் மோதிர விரலும் அப்படியே நின்றுவிட்டன. கம்பெனிக்கு அவள் திரும்பிப் போகவில்லை. ஒரு வருசத்துக்கு மேலான பிறகு வேல்விழி உட்கார்ந்தாள், பெல்ட் வைத்த நாற்காலியில். முற்றத்து மூங்கிலை முனியசாமி ஒருநாள் அவிழ்த்து வேலிக்குக் கட்டிவிட்டான்.

2009-இல் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஞானபூரணி டீச்சர் அவளை ஒன்றாம் வகுப்பில் சேர்த்துக்கொண்டார். குருவம்மாள் மகள் பக்கத்திலேயே சுவரோரமாக உட்கார்ந்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். சேர்ந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருக்கும். சாயங்கால மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே வெளியே ஓடினார்கள். வகுப்பு காலியாயிற்று. வேல்விழி வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ம்மா. நா எப்ப ஓடுவேன்?”

பெரிய பிள்ளையானதும் ஓடலாம் என்று சொல்ல குருவம்மாளுக்கு நாக்கு வரை வந்தது. மகளின் முகத்தைப் பார்த்துவிட்டு விழுங்கிக்கொண்டாள்.

“ஓட மாட்ட தாயி.”

வேல்விழி மறுபடி வாசலைப் பார்த்தாள். அழவில்லை. “அப்ப நீ தூக்கு,” என்று இரண்டு கைகளையும் நீட்டினாள்.

குருவம்மாள் குனிந்து தூக்கிப் பார்த்தாள். பிள்ளை கனத்துவிட்டது, அந்தக் கைகளால் அள்ளி எடுக்க முடியவில்லை. நாற்காலிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, மகளின் மடியில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். முனியசாமி சைக்கிளில் வருகிற வரைக்கும் இரண்டு பேரும் அங்கேயே இருந்தார்கள்.