சிவபாதம் அண்ணையின் ஏழு கொப்பிகள்

செவ்வாய்க்கிழமை காலை வெம்பிளியில் பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தபோது சிவபாதம் அண்ணையின் மனைவி மலரக்கா தொலைபேசியில் அழைத்தார். "தம்பி, அவர் விடிய ஆறு மணிக்குப் போயிட்டார்" என்றார். குரலில் அழுகை இல்லை. சிவபாதம் அண்ணை மாதக்கணக்காகப் படுக்கையில் இருந்தவர்; இந்தச் செய்தி என்றோ ஒருநாள் வரும் என்று எல்லோருக்கும் தெரியும். ஆனால் அடுத்ததாக அக்கா கேட்டதற்கு நான் ஆயத்தமாக இருக்கவில்லை. "அவற்ற புத்தகத்தை முப்பத்தோராம் நாள் கிரியைக்கு முதல் அடிச்சுத் தர ஏலுமோ? வாற சனத்துக்குக் குடுக்கலாம்." நான் "ஓம் அக்கா" என்றேன். பஸ் வந்தது. ஏறாமல் நின்றேன்.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். அண்ணை இந்த நகரத்தில் ரயில் பாதை பராமரிப்பு வேலை செய்து ஓய்வு பெற்றவர். அவருடைய கடைசிப் பதினொரு வருடங்கள் நானும் அதே குழுவில் இருந்தேன். நாங்கள் தண்டவாளத்தில் குனிந்து வேலை செய்யும்போது, சற்றுத் தள்ளி நின்று ரயில் வருகிறதா என்று பார்த்து ஊதுவது அவருடைய பொறுப்பு. அவர் ஊதினால் நாங்கள் நிமிர்ந்து பார்ப்பதுகூட இல்லை; கையில் உள்ளதோடு விலகிவிடுவோம். அந்த அளவுக்கு அவரை நம்பினோம். கடமையில் நிற்கையில் அவரிடமிருந்து ஒரு சொல் வாங்க முடியாது. தேநீர் நேரத்தில் வாயைத் திறந்தாரென்றால் மூட மாட்டார்.

பேச்சு முழுவதும் அமெரிக்க ரயில் பாதை பற்றியது. அது அவரைப் பிடித்த கதை விசித்திரமானது. அவருடைய மகள் பள்ளிக்கூடத்தில் அமெரிக்க மேற்கின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தாள். ஒருநாள் மேசையில் கிடந்த அவளுடைய பாடப்புத்தகத்தை அண்ணை புரட்டியிருக்கிறார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டத்தின் ஒரு கரையிலிருந்து மறுகரைக்குப் பாதை போட்ட அத்தியாயம். கம்பனி முதலாளிகளுக்கு இரண்டு பக்கம். மலையைக் குடைந்த சீனத் தொழிலாளருக்கு ஒரேயொரு வரி.

"ஒரு வரி, தம்பி," என்று மறுநாள் என்னிடம் சொன்னார். "பனிச்சரிவில புதைஞ்சவனை வசந்தத்திலதான் தோண்டி எடுத்திருக்கிறாங்கள். கையில பிடிச்ச மண்வெட்டியோட கிடந்தவங்களாம். அவனுக்கு ஒரு வரி."

அன்றிலிருந்து லீவு நாளெல்லாம் நூலகத்தில்தான். ஆங்கிலம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு அல்ல. அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தார். பிறகு நோட்டுக் கொப்பிகளில் தமிழில் கையால் எழுதத் தொடங்கினார். "மற்றவை ஊர்க் காணியைப் பற்றி எழுதுதுகள், இந்த மனுசன் கண்ணால காணாத அமெரிக்காவைப் பற்றி எழுதுது" என்று மலரக்கா பகிடி பண்ணுவார். அண்ணை சிரித்துவிட்டு எழுதிக்கொண்டிருப்பார்.

நான் வாசித்த சில பக்கங்களில் ஒரு பாதைத் தொழிலாளியின் கண் இருந்தது. கருங்கல்லில் வெடிமருந்து வைக்கத் துளை போடுபவனுக்கு எந்த இடத்தில் தோள் வலிக்கும் என்று எழுதியிருந்தார். ரயில் யன்னலிலிருந்து எருமைக் கூட்டத்தைச் சுட்டு விளையாடியவர்களைப் பற்றியும், அந்த எருமைகளை நம்பி வாழ்ந்த மக்களின் நிலம் அவர்களைக் கேளாமலே கம்பனிகளுக்குக் கொடுக்கப்பட்டது பற்றியும் எழுதியிருந்தார். கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் போட்டுவந்த இரண்டு பாதைகளும் சந்தித்த இடத்தில் எடுத்த புகைப்படத்தைப் பற்றி என்னிடம் பலமுறை சொல்வார்: "படம் எடுக்கேக்க ஆர் அதில இல்லையோ, அவன்தான் வேலை செய்தவன்."

ஏழு கொப்பிகள் நிறைந்தன. அப்போதுதான் என்னைக் கேட்டார். கோயில் துண்டுப்பிரசுரங்களைக் கணினியில் தட்டச்சுச் செய்பவன் நான் என்பது அவருக்குத் தெரியும். "தம்பி, உமக்கு ஏலுமெண்டா அடிச்சுத் தாரும். அவசரமில்லை." ஒரு கொப்பியைத் திருப்பிக் கொடுத்தால் அடுத்ததைத் தருவார். இதுதான் எங்கள் ஒழுங்கு.

முதல் கொப்பியில் பதினொரு பக்கம் அடித்தேன். பிறகு ஷிப்ட் மாறியது, பிள்ளைக்குச் சுகமில்லை, வீடு மாறினோம். இவையெல்லாம் சாட்டு. உண்மையைச் சொல்கிறேன்: இதை யார் வாசிக்கப்போகிறார்கள் என்று நினைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் சாப்பாட்டு மேசையில், நாலு பேருக்கு முன்னால், "முதலாவது முடிஞ்சுதோ?" என்று கேட்டார். "ஓம் அண்ணை" என்று சொல்லிவிட்டேன். அவருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. உடனே எழுந்து போய் இரண்டாவது கொப்பியைக் கொண்டுவந்து தந்தார்.

முதல் பொய்தான் கடினம். மிச்ச ஆறும் சுலபமாக வந்தன. பிறகு வந்த ஒவ்வொரு கொப்பியையும் சில மாதம் அலுமாரியில் வைத்திருந்துவிட்டு, திறக்காமலே திருப்பிக் கொடுத்தேன். கைபேசியில் படம் எடுத்து வைத்திருக்கலாம். அதையும் செய்யவில்லை. ஒருநாள் வசதியாக உட்கார்ந்து எல்லாவற்றையும் அடித்துவிடலாம், கொப்பிகள் எங்கே போகப்போகின்றன என்று இருந்தேன். அடித்ததைக் காட்டு என்று அவர் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. "கொம்பியூட்டரில பாத்தாக் கண் நோகும். புத்தகமாய்ப் பாக்கிறன்" என்பார்.

போன வருடம் அவருடைய கால்கள் இயங்காமல் போயின. கைக்கும் நினைவுக்கும் ஒரு குறையும் இல்லை. வைத்தியசாலையிலிருந்து வீட்டுக்கு அனுப்பியபோது, முன்னறையில் பெரிய கட்டில் போட்டார்கள். பார்க்கப் போனேன். புத்தக அலுமாரி நின்ற இடத்தில் கட்டில் இருந்தது.

"அலுமாரி எங்கை அண்ணை?"

"கழட்டியாச்சு. கட்டிலுக்கு இடம் வேணுமெல்லோ. கொப்பியளையும் மலர் ரீசைக்கிளிங்கில போட்டிட்டா. நான்தான் போடச் சொன்னனான். உம்மட்டை அடிச்சது எல்லாம் கிடக்குத்தானே?"

மலரக்கா தட்டில் வடை கொண்டுவந்து நீட்டினார். பழைய காகிதம் அள்ளும் நகரசபை லொறி முதல்நாளே வந்து போய்விட்டதாம்.

"ஓம் அண்ணை, கிடக்கு" என்றேன். அந்த வடையைச் சாப்பிட்டேன். தேநீரும் குடித்தேன். அதற்குப் பிறகு ஒன்பது மாதம், மாதத்துக்கு இரண்டு தடவையாவது போய் அந்தக் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தேன். ஒருநாளும் சொல்லவில்லை. சாகக் கிடக்கிற மனிதரின் மனதை ஏன் நோகடிக்க வேண்டும் என்று எனக்கு நானே நியாயம் சொல்லிக்கொண்டேன். அது அவருக்கான இரக்கம் அல்ல. என் முகத்தைக் காப்பாற்றிக்கொண்டேன்.

இன்று இந்த முப்பத்தோராம் நாள் நினைவு மலரில் நீங்கள் வாசித்துக்கொண்டிருப்பது என் எழுத்து. உங்கள் கையில் இருந்திருக்க வேண்டியது அவருடைய புத்தகம். அது இனி இல்லை. பதினொரு பக்கம் மட்டும் இருக்கிறது. தொழிலாளர் மலையடிவாரத்துக்கு வந்து சேரும் இடத்தில், ஒரு வசனத்தின் நடுவில் நிற்கிறது. மிச்சத்தை நான் எழுதலாமா என்று முயன்று பார்த்தேன். எனக்கு ஒன்றும் தெரியாது.

இதை அச்சுக்குக் கொடுக்குமுன் மலரக்காவிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் ஏசுவார், அடித்தாலும் வாங்கிக்கொள்ளலாம் என்று இருந்தேன். ஆனால் அவர் சாதாரணமாகச் சொன்னார்:

"அண்டைக்கே சொல்லியிருக்கலாம் தம்பி. திரும்ப எழுதியிருப்பார். ஒன்பது மாசம் சும்மாதானே கிடந்தவர்."

எனக்கு அது தோன்றவே இல்லை. மனம் நோகும் என்று நினைத்தேனே தவிர, அந்த மனிதர் ஒரு புதுக் கொப்பி கேட்பார் என்று நினைக்கவில்லை. அண்ணை, உங்களிடம் மன்னிப்புக் கேட்க எனக்கு வாயில்லை. போய் வாருங்கள். உங்களை நினைக்கும்போது எனக்குத் தெரிவது அந்த முன்னறைதான்: வேலை முடிந்துவிட்டது என்று நம்பி, யன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு, நல்ல இரண்டு கைகளையும் போர்வைக்கு மேலே போட்டபடி நீங்கள் படுத்திருக்கிறீர்கள்.