மார்னி போகாத சாலை

கனடாவின் வடகோடியில் வைட்ஹார்ஸ் நகரத்தில் கேரவன் வண்டிகளை வாடகைக்கு விடும் டெல்மரிடம் மார்னி பத்தொன்பது வருடமாக வேலை பார்த்துவந்தாள். வருகிறவர்களிடம் வண்டியை ஒப்படைப்பது அவள் பொறுப்பு. எரிவாயுவை எப்படித் திறப்பது, கழிவுத் தொட்டியை எங்கே காலி செய்வது, குளிருக்கு ஹீட்டரை எந்த அளவில் வைப்பது என்று ஒவ்வொன்றாகத் தொட்டுக் காட்டுவாள். வடக்கே டெம்ப்ஸ்டர் சாலைக்குப் போகிறவர்கள் என்றால் இன்னும் அரை மணி நேரம் கூடும். முதல் முந்நூற்றெழுபது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் கிடையாது, சரளைக்கல் கத்தி மாதிரி டயரைக் கிழிக்கும், எந்த ஏற்றத்தில் மரங்கள் முடிகின்றன, எங்கே மலை சிவப்பாகத் தெரியும் என்று கண்ணில் நிற்கிற மாதிரி சொல்வாள்.

அவள் அந்தச் சாலையில் ஒரு மீட்டர்கூடப் போனதில்லை.

வேலைக்குச் சேர்ந்த முதல் கோடையில் யாரோ, "நீங்க போயிருக்கீங்களா?" என்று கேட்டபோது, "போகாம என்ன" என்று வாய் சொல்லிவிட்டது. கோடையில் வாரம் ஏழு நாளும் வேலை. குளிர்காலத்தில் வண்டிகள் கொட்டகைக்குப் போய்விடும். அப்படியே வருடங்கள் ஓடின. திரும்பி வந்த வண்டிகளின் சேற்றைக் கழுவிக்கொண்டே, வந்தவர்கள் சொல்வதை ஒரு சொல் விடாமல் கேட்டுக்கொள்வாள். பிறகு அதையே அடுத்தவர்களுக்குச் சொல்வாள். போக ஆசை இல்லாமல் இல்லை. லீவு கேட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற வெட்கம்தான் பெரிதாக நின்றது.

ஒரு செப்டம்பரில் டெம்ப்ஸ்டர் சாலைக்குப் போக ஹெட்விக் வந்தாள். ஜெர்மனிக்காரி, எழுபத்தொரு வயது, முப்பத்தெட்டு வருடம் பிரசவம் பார்த்தவள். வந்த அன்றே ஓட்டல் படியில் வழுக்கி விழுந்து, மணிக்கட்டில் கட்டோடு நின்றாள்.

"ஒரு கையால ஓட்ட முடியாது. ஆனா திரும்பிப் போகவும் மனசு வரல" என்றாள்.

டெல்மர் தாடியைச் சொறிந்தார். "சீசனோட கடைசி வண்டி இது. மார்னி ஓட்டட்டும். அந்த ரோடு அவளுக்கு அத்துப்படி."

மார்னி அவசரமாகக் குறுக்கிட்டாள். "கொட்டகைக்கு அனுப்புற வண்டியெல்லாம் கழுவணும் டெல்மர்."

"நான் கழுவுறேன். எனக்கென்ன கை இல்லையா? நீ போ. இவ்வளவு வருஷமா உன் வாயால கேட்டுக் கேட்டு எனக்கே அலுத்துப்போச்சு."

மறுநாள் கிளம்பி, அதற்கு அடுத்த நாள் காலை அவர்கள் தார்ச்சாலையை விட்டு டெம்ப்ஸ்டர் சாலையின் சரளையில் ஏறினார்கள். கண்ணாடிக் குவளைகள் அலமாரிக்குள் நடுங்கின. மார்னி ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்தபடி, "அடுத்த ஏத்தம் தாண்டினதும் வலப்பக்கம் ஏரி ஒண்ணு வரும் பாருங்க" என்றாள். ஏரி வந்தது, இடப்பக்கம். கொஞ்ச தூரம் போய், "இடப்பக்கம் கூர்கூரா பாறை" என்றாள். பாறைகள் வலப்பக்கம் நின்றன. ஹெட்விக் இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெட்ரோல் போடும் இடத்தில் சூப் குடித்துக்கொண்டிருந்தபோது மார்னி கரண்டியை வைத்தாள்.

"நான் இங்க வந்ததே இல்ல."

"தெரியும்" என்றாள் ஹெட்விக். "திரும்பி வர்றவங்க சொன்னதக் கேட்டுச் சொல்றே. அதான் எல்லாம் பக்கம் மாறி நிக்குது."

மார்னிக்குக் காது சிவந்தது. அப்புறம் இருவரும் சிரித்த சிரிப்பில் பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். அதற்குப் பிறகு மார்னி எதையும் முன்கூட்டிச் சொல்லவில்லை.

ஆர்க்டிக் வட்டத்தைத் தாண்டி ஒரு மணி நேரம் போனபின் சாலை ஒரு பெரிய வெட்டவெளியில் இறங்கியது. மரமே இல்லை. தரையெல்லாம் சிவப்பும் மஞ்சளுமான புதர். எதிரே மலைச்சரிவு நகர்வது போலத் தெரிந்தது. தூக்கக் கலக்கம் என்று நினைத்து மார்னி கண்ணைத் துடைத்தாள். சரிவுதான் நகர்ந்தது.

அவள் வண்டியை நிறுத்தினாள். பின்னால் ஒரு பழைய டிரக் வந்து நின்றது. நரைத்த தலையோடு ஒருவர் இறங்கி வந்து ஜன்னலைத் தட்டினார். பக்கத்து ஊர்க்காரர், குவிச்சின் பழங்குடி, பெயர் ஏபல்.

"இஞ்சின ஆஃப் பண்ணுங்கம்மா. கரிபு மான் வருது. கதவ மட்டும் தெறக்காதீங்க."

"நீங்க வேட்டைக்கா வந்தீங்க?" என்று கேட்டாள் மார்னி.

"ஆமா. ஆனா இப்ப இல்ல. முன்னாடி போறதுங்கதான் வழி காட்டுறதுங்க. அதுங்கள வெரட்டினா பின்னாடி வர்றதெல்லாம் தடம் மாறிடும். அதுங்க போகட்டும், நாளைக்குப் பாத்துக்கலாம்." ஜன்னல் வழியே உலர்ந்த இறைச்சித் துண்டு இரண்டை நீட்டிவிட்டுத் தன் டிரக்குக்குப் போனார்.

முதலில் வந்தது ஒரு கிழட்டுப் பெண்மான். சாலை ஓரத்தில் நின்று வண்டியைப் பார்த்தது. பிறகு கடந்தது. அதன் பின்னால் பத்து, அதன் பின்னால் நூறு, அப்புறம் எண்ணுகிற எண்ணமே போய்விட்டது. மூடியிருந்த ஜன்னலை மார்னி மறுபடி விரல் அளவு இறக்கினாள். அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஒவ்வொரு மானின் காலிலும் நடக்கும்போது ஒரு சொடுக்கு. ஆயிரக்கணக்கான கால்கள் சேர்ந்து, காய்ந்த சுள்ளிக்காடு முழுவதும் மெல்ல முறிவது போலக் கேட்டுக்கொண்டே இருந்தது. இத்தனை வருடத்தில் ஒருவர்கூட இதை அவளிடம் சொன்னதில்லை.

மான்கள் வண்டியின் இரு பக்கமும் பிரிந்து மீண்டும் சேர்ந்தன. ஈர ரோமத்தின் வாடை உள்ளே வந்தது. ஒரு குட்டி முன் சக்கரத்தை முகர்ந்து பார்த்தது. அதன் மூச்சு ரப்பரின் மேல் பனித்து மறைந்தது. ஹெட்விக் தன் நல்ல கையால் மார்னியின் கையைப் பிடித்திருந்தாள். எப்போது பிடித்தாள் என்று இருவருக்கும் தெரியாது.

"எத்தன கொழந்தைங்க பொறந்தத பாத்திருக்கேன்" என்றாள் ஹெட்விக். "ஒவ்வொரு தடவையும் பேச்சு வராம நாக்கு இப்படித்தான் ஒட்டிக்கும்."

தான் இங்கே இல்லாத அத்தனை செப்டம்பர்களிலும் இவை இப்படியே, யாருக்காகவும் காத்திராமல், கடந்து போயிருக்கின்றன என்ற நினைப்பு மார்னியை உலுக்கியது. அதில் வருத்தம் இல்லை. உலகம் தான் நினைத்ததைவிடப் பல மடங்கு பெரிது என்று தெரிந்துகொண்டவளின் திகைப்பு அது.

நான்கு மணி நேரம் ஆனது. கடைசியில் ஒரு நொண்டி மான் தனியாகக் கடந்தது. ஏபல் டிரக்கிலிருந்து கையசைத்தார்.

ஹெட்விக் ஊர் திரும்பிய பிறகு கிறிஸ்துமஸுக்கு ஒரு கடிதம் எழுதினாள், கை குணமாகிவிட்டது என்று. அடுத்த செப்டம்பரில் மார்னி டெல்மரிடம் பத்து நாள் லீவு கேட்டு, தன் தங்கை வெர்னாவை அழைத்துக்கொண்டு அதே வெட்டவெளிக்குப் போனாள். மான் ஒன்றுகூட வரவில்லை. அங்கே தங்கிய இரண்டு நாளும் பனிமூட்டம்.

"இதுக்கா என்னய இவ்வளவு தூரம் இழுத்துட்டு வந்தே?" என்று வெர்னா கம்பளிக்குள்ளிருந்து முனகினாள்.

"ஆமா" என்றாள் மார்னி. காப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய், ஒன்றும் தெரியாத அந்த வெண்மையைப் பார்த்தபடி நின்றாள். வெர்னா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தாள். பிறகு தானும் ஒரு கோப்பையை எடுத்துக்கொண்டு இறங்கி வந்தாள்.